சான்று கேட்ட சபை

கிருபையும் கட்டளையும் – தொடர் 17

1637 நவம்பர் 7. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றம். சார்லஸ் ஆற்றங்கரையில் நியூடவுன் என்ற சிற்றூர். அங்கிருந்த ஆராதனைக் கூடம் அன்று நீதிமன்றமாகியிருந்தது. ஆளுநர், துணை ஆளுநர், நீதிபதிகள், ஊர்ப் பிரதிநிதிகள் என ஏறக்குறைய நாற்பது ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். அருகே குடியேற்றத்தின் போதகர்கள். அத்தனை பேருக்கும் எதிரே ஒரு பெண்மணி தனியாக நின்றுகொண்டிருந்தார். பெயர் ஆன் ஹட்சின்சன். வயது 46. பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர். விசாரணை நீண்டுகொண்டே போக, அவர் முகம் வாடி உடல் தளர்வதைக் கண்ட பிறகுதான் உட்கார அனுமதித்தார்கள்.

அவர் திருடவில்லை. பொய்ச்சாட்சி சொல்லவில்லை. யாரையும் அடிக்கவுமில்லை. அவர் ஊரின் மருத்துவச்சிகளில் ஒருவர். எத்தனையோ வீடுகளில் நள்ளிரவில் விளக்கோடு போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர். அப்படிப்பட்டவரை அரசாங்கமே திரண்டு வந்து விசாரிக்கும்படி அவர் சொன்னதுதான் என்ன? கீழ்ப்படிதல் கிருபைக்குச் சான்று ஆகாது என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் ஒரு குடியேற்றத்தையே இரண்டாகப் பிளந்த கதையை இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

லூத்தருக்கும் அவருடைய பழைய நண்பர் அக்ரிகோலாவுக்கும் 1537-இல் மூண்ட சண்டையைச் சென்ற வாரம் பார்த்தோம். கிருபை வந்த பிறகு கிறிஸ்தவனுக்குக் கட்டளையைப் பிரசங்கிக்க வேண்டியதில்லை என்றார் அக்ரிகோலா. கட்டளையை எடுத்துவிட்டால் பாவம் எது என்றே தெரியாமல் போய்விடும், பாவம் தெரியாதவனுக்குக் கிருபை எதற்கு என்று கேட்டார் லூத்தர். சட்ட மறுப்பாளர் என்று பொருள்படும் பட்டப்பெயரை அக்ரிகோலாவின் தரப்புக்குச் சூட்டியவரும் அவரே. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அதே பட்டப்பெயர் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வந்து ஒரு மருத்துவச்சியின் மேல் விழுந்தது.

இரண்டு உடன்படிக்கைகள்

கதைக்குள் போவதற்கு முன் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் புராட்டஸ்டன்ட் சபையார் கிருபை என்பார்கள், கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். பொருள் ஒன்றுதான். தகுதி பாராமல், கூலியாக அல்லாமல், கடவுள் தாமாகவே மனிதனுக்கு இரங்கித் தரும் தயவு. அதுபோல நியாயப்பிரமாணம் என்று ஒரு சாராரும் திருச்சட்டம் என்று மறு சாராரும் சொல்வது மோசே வழியாக வந்த கட்டளைகளை. அவற்றில் தலையாயவை பத்துக் கட்டளைகள்.

மாசசூசெட்ஸுக்குக் குடியேறிய பியூரிட்டன்கள் இந்த இரண்டையும் இரண்டு உடன்படிக்கைகளாகப் பார்த்தார்கள். ஆதாமோடு கடவுள் செய்தது கிரியைகளின் உடன்படிக்கை. கீழ்ப்படிந்தால் வாழ்வு, மீறினால் சாவு. ஆதாம் மீறினான். அதோடு அந்த வழி மனிதகுலத்துக்கு அடைபட்டது. அதன்பின் கிறிஸ்துவின் வழியாக வந்தது கிருபையின் உடன்படிக்கை. விசுவாசித்தால் வாழ்வு. அந்த விசுவாசமும் மனிதன் முயன்று சம்பாதிப்பதல்ல, கடவுள் கொடுப்பது. யாருக்குக் கொடுப்பார் என்பதையும் உலகம் உண்டாவதற்கு முன்பே அவர் தீர்மானித்துவிட்டார்.

இதில் அந்தக் குடியேற்றத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆன் ஹட்சின்சனும் இதைத்தான் நம்பினார், அவரை விசாரித்த ஆளுநர் ஜான் வின்த்ராப்பும் இதைத்தான் நம்பினார். நற்செயலால் மோட்சம் வாங்கலாம் என்று சொன்னவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

அப்படியானால் சண்டை எதில்? அடுத்த கேள்வியில். கடவுள் என்னைத் தெரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரவில் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பியூரிட்டன் ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வி அரித்தது. பெரும்பாலான போதகர்கள் அவர்களுக்கு ஓர் ஆறுதல் வைத்திருந்தார்கள். உன் வாழ்க்கையைப் பார். பொய்யை வெறுக்கிறாயா? ஓய்வுநாளை ஆசரிக்கிறாயா? ஜெபிக்க மனம் வருகிறதா? கட்டளைகளைக் கைக்கொள்ள ஆசை இருக்கிறதா? இவை இருந்தால் மரம் நல்ல மரம். கனியை வைத்து மரத்தை அறியலாம். கீழ்ப்படிதலால் மீட்பு வராது, ஆனால் மீட்பு வந்ததற்குக் கீழ்ப்படிதல் அடையாளம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றும் எத்தனையோ பிரசங்க பீடங்களில் ஒலிக்கும் போதனை இதுவே. ஆனால் மாசசூசெட்ஸில் இந்த ஆறுதலின் மேல் வேறொரு பாரம் ஏறிக்கொண்டது.

ஓட்டுரிமையான சாட்சி

1631 மே மாதம் அந்தக் குடியேற்றத்தின் பொது மன்றம் ஒரு சட்டம் போட்டது. சட்டமன்றம், நீதிமன்றம் இரண்டும் அதுவே. சபையின் அங்கத்தினராக இருக்கும் ஆண்களுக்கு மட்டுமே இனி ஓட்டுரிமை என்றது அந்தச் சட்டம். அடுத்த சில ஆண்டுகளில் சபைகள் தங்கள் வாசலை இறுக்கின. அங்கத்தினராக விரும்புகிறவர் விசுவாச அறிக்கையை ஒப்பித்தால் போதாது, ஒழுக்கமாக நடந்தாலும் போதாது. கிருபை தன் ஆத்துமாவில் எப்படி வேலை செய்தது என்று விவரித்துச் சாட்சி சொல்ல வேண்டும். சபையார் கேட்டு, எடைபோட்டு, ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சாட்சி சொல்வது புதிதல்ல. "நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்ற கேள்வியைக் கூட்டங்களில் எதிர்கொள்ளாதவர்கள் குறைவு. தான் பெற்ற நன்மையை நாலு பேர் முன்னால் நன்றியோடு சொல்வது அழகான வழக்கம். ஆனால் அந்தச் சாட்சிக்கு மதிப்பெண் போட ஒரு குழு உட்கார்ந்து, அந்த மதிப்பெண்ணை வைத்து ஓட்டுரிமையும் தீர்மானிக்கப்பட்டால் என்ன ஆகும்? கடவுளுக்கும் ஓர் ஆத்துமாவுக்கும் இடையே அந்தரங்கமாக நடக்கும் ஒன்று குடியுரிமைச் சான்றிதழாகிவிடும். அதைத்தான் மாசசூசெட்ஸ் செய்தது. பொல்லாத எண்ணத்தோடு செய்யவில்லை. பூமியில் பரிசுத்தவான்களின் சமூகம் ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும் என்ற தீராத ஆசையோடு செய்தது.

ஆல்ஃபோர்டிலிருந்து வந்தவர்

ஆன், 1591-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஆல்ஃபோர்டு என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். தகப்பனார் பிரான்சிஸ் மார்பரி குருவானவர். படிப்பறிவில்லாதவர்களைக் குருமாராக நியமிக்கிறார்கள் என்று ஆயர்களை முகத்துக்கு நேரே கண்டித்துச் சிறைக்குப் போனவர். தன் விசாரணையில் நடந்த வாக்குவாதத்தைத் தானே எழுதியும் வைத்தார். அதிகாரத்தின் முன் வேத வசனத்தோடு நின்று பேசும் பழக்கம் மகளுக்குத் தகப்பன் வீட்டுச் சொத்து.

1612-இல் துணி வணிகர் வில்லியம் ஹட்சின்சனோடு திருமணம். இருவரும் ஆல்ஃபோர்டிலிருந்து 20 மைலுக்கு மேல் பயணம் செய்து பாஸ்டன் நகரின் புனித பொட்டால்ஃப் ஆலயத்துக்குப் போய் ஜான் காட்டன் என்பவரின் பிரசங்கத்தைக் கேட்பார்கள். காட்டன் பெரிய படிப்பாளி, மென்மையான குரலுக்குச் சொந்தக்காரர். மனிதன் செய்வதைக் குறைத்தும் கடவுள் செய்வதைக் கூட்டியும் பேசுவார். 1633-இல் அரசாங்க நெருக்கடியால் காட்டன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ஹட்சின்சன் குடும்பம் அவர் போன அதே கிரிஃபின் கப்பலில் பின்தொடர்ந்தது. 1634 செப்டம்பரில் புதிய உலகத்தின் பாஸ்டனில் இறங்கினார்கள்.

அங்கே ஆனின் இரண்டாம் வாழ்க்கை ஒரு பேறுகால அறையிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். வலியிலும் பயத்திலும் படுத்திருக்கும் பெண்களின் பக்கத்தில் இரவெல்லாம் உட்காருகிறவர் அவர். அந்த நேரத்தில் பெண்கள் மனம் திறந்து பேசுவார்கள். பிள்ளைப்பேற்றில் செத்துப்போனால் நான் எங்கே போவேன்? கிருபை பெற்றவளா, இல்லையா? அவர்கள் தங்கள் ஜெபங்களையும் ஒழுக்கத்தையும் எண்ணிப் பார்த்து, போதுமா போதாதா என்று கலங்குவதை ஆன் கண்டார். கிருபை என்ற பெயரில் இவர்கள் மறுபடியும் கிரியைகளின் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார்களே என்று அவருக்குப் பட்டது.

அதனால் வாரந்தோறும் தன் வீட்டில் பெண்களைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எடுத்து விளக்கினார். கூட்டம் பெருகியது. ஆண்களும் வரத் தொடங்கினார்கள். அறுபது, எண்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் அளவுக்கு வளர்ந்தது. 1636-இல் ஆளுநராக இருந்த 23 வயது இளைஞர் ஹென்றி வேன்கூட அவர் பக்கம் நின்றார்.

ஆன் சொன்னதன் சாரம் இது. கனிகளை வைத்து மரத்தை அறியலாம்தான். ஆனால் பட்ட மரத்திலும் கனிகளைக் கட்டித் தொங்கவிட முடியுமே! வெளியே கட்டளைகளைக் கைக்கொள்வது கபடக்காரனுக்கும் கைவரும். ஆகவே கீழ்ப்படிதலைப் பார்த்து மீட்பை நிச்சயப்படுத்திக்கொள்கிறவன் மணலின் மேல் நிற்கிறான். நிச்சயம் தர வல்லவர் ஒருவரே. பரிசுத்த ஆவியானவர் ஆத்துமாவுக்குள் வந்து தாமே தரும் சாட்சி மட்டுமே சாட்சி.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒருவேளை ஊர் தாங்கியிருக்கும். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. கீழ்ப்படிதலைச் சான்றாகப் பிரசங்கிக்கும் போதகர்கள் கிருபையின் உடன்படிக்கையைப் பிரசங்கிக்கவில்லை, கிரியைகளின் உடன்படிக்கையைத்தான் பிரசங்கிக்கிறார்கள் என்று ஆனின் அணியினர் பேசத் தொடங்கினார்கள். காட்டனையும், ஆனின் உறவினரான ஜான் வீல்ரைட்டையும் தவிர மற்றெல்லாப் போதகர்களும் இந்தக் குற்றச்சாட்டுக்குள் வந்தார்கள். பாஸ்டன் சபையில் காட்டனோடு ஊழியம் செய்த ஜான் வில்சனும் தப்பவில்லை. அதாவது, ஆனும் சான்று கேட்டார். போதகர்கள் மக்களின் நடத்தையில் கிருபையைத் தேடினார்கள். அவரோ போதகர்களின் பிரசங்கத்தில் கிருபையைத் தேடி, இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவர்மீது எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது.

பிளவு

1637 ஜனவரி 19. சமாதானத்துக்காக உபவாச நாள் அறிவித்திருந்தார்கள். அன்று வீல்ரைட் செய்த பிரசங்கம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கிரியைகளின் உடன்படிக்கையில் இருப்பவர்களோடு ஆவிக்குரிய போர் தொடுக்க வேண்டும் என்று பேசினார். மார்ச்சில் ராஜத்துரோகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவருக்காக மனு எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

மே மாதத் தேர்தலில் வேன் தோற்றார், வின்த்ராப் மீண்டும் ஆளுநரானார். அந்தக் கோடையில் பீக்வாட் பழங்குடியினரோடு போர். படைக்குக் குருவாக நியமிக்கப்பட்டவர் வில்சன். கிரியைகளின் உடன்படிக்கையைப் பிரசங்கிக்கிறவரோடு எப்படிப் போருக்குப் போவது என்று பாஸ்டன்காரர்கள் தயங்கினார்கள். நுட்பமான ஓர் இறையியல் வேறுபாடு படைத்திரட்டலையே முடக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

வின்த்ராப்பின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்ப்பது நியாயம். 1534-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டு, கடவுள் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்று சொல்லிப் பலதார மணமும் படுகொலையும் நடத்திய கதையை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. கட்டளைகளுக்கு மேலே உள்மனக் குரலை வைத்தால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர்களிடம் இருந்த பாடம் மூன்ஸ்டர். அதோடு, லண்டனில் பேராயர் லாடு குடியேற்றத்தின் உரிமைப் பட்டயத்தைப் பறிக்கக் காத்திருந்தார். உள்ளே சண்டை என்று தெரிந்தால் அவருக்குக் கொண்டாட்டம். வின்த்ராப் கொடுங்கோலர் அல்லர், பயந்துபோன ஒரு தகப்பன். பயந்த தகப்பன்மார் செய்யும் தவறுகளை அவர் செய்தார்.

ஆகஸ்டு முடிவில் போதகர்கள் நியூடவுனில் கூடி, மூன்று வாரங்களுக்கு மேல் விவாதித்து, 82 தவறான கருத்துகளைப் பட்டியலிட்டுக் கண்டித்தார்கள். காட்டன் சிறிது சிறிதாகத் தன் சக போதகர்களின் பக்கம் நகர்ந்தார். மிஞ்சியவர் ஆன்.

எந்தக் கட்டளையை மீறினேன்?

மறுபடி நவம்பர் 7-க்கு வருவோம். வின்த்ராப் குற்றச்சாட்டுகளைச் சொன்னார். குடியேற்றத்தின் அமைதியைக் குலைத்தவர்களுக்குத் துணைபோனது, போதகர்களை இழிவாகப் பேசியது, பெண்ணுக்குத் தகாத விதத்தில் கூட்டம் நடத்தியது. ஆன் கேட்டது, நான் எந்தக் கட்டளையை மீறினேன் என்பதைச் சொல்லுங்கள் என்று. கட்டளைகளை மதிக்காதவர் என்று பெயர் வாங்கியவர் கட்டளையைக் காட்டு என்று கேட்கிறார். வின்த்ராப் தேடிப்பிடித்துச் சொன்ன பதில், ஐந்தாம் கட்டளை. தாயையும் தகப்பனையும் கனம்பண்ண வேண்டும். நாட்டை ஆளும் நாங்கள் உனக்குத் தகப்பன்மார் என்பது அவர் விளக்கம்.

கூட்டம் நடத்தியது பற்றிக் கேட்டபோது, வயதான பெண்கள் இளம்பெண்களுக்குப் போதிக்க வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறதே என்றார். ஆண்களும் வந்தார்களே என்றதற்கு, அப்பொல்லோவுக்கு வேதத்தை விளக்கிய பிரிஸ்கில்லாளை நினைவூட்டினார். ஆளுநர் ஒரு கட்டத்தில், உன்னைப் போன்ற பெண்களோடு வாதாட நாங்கள் வரவில்லை என்று பேச்சை முறித்தார்.

அடுத்து, போதகர்களைப் பழித்த குற்றச்சாட்டு. முந்தைய டிசம்பரில் காட்டனின் வீட்டில் போதகர்கள் ஆனை அழைத்துத் தனிப்பட்ட முறையில் பேசியிருந்தார்கள். அங்கே நம்பிக்கையோடு பேசியதை இப்போது நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்து வைத்தார்கள். மறுநாள் ஆன் ஒன்று கேட்டார். இவர்கள் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுச் சொல்லட்டும். அந்தக் கூடமே சங்கடப்பட்டது. பொய்யாணை இடுவது கடவுளின் கோபத்தை வருவிக்கும் என்று நம்பியவர்கள் அவர்கள். தான் சொன்ன வார்த்தை அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியதாயிற்று. கட்டளையின் கண்டிப்பை அன்று அவர்களுக்கு எடுத்துக் காட்டியவர் ஆன்தான்.

அதன்பின் காட்டன் எழுந்தார். மற்றப் போதகர்கள் கிரியைகளின் உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள் என்று ஆன் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார். வழக்கு ஆட்டம் கண்டது. இன்னும் சிறிது நேரம் ஆன் மௌனமாக இருந்திருந்தால் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் மௌனமாக இருக்கவில்லை. தன் ஆத்துமாவின் கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். எந்தப் போதகர் உண்மையானவர், எவர் அல்லர் என்று தேவன் தனக்குக் காட்டினார் என்றார். அது ஆவியானவர்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஆன் ஓர் எதிர்க்கேள்வி போட்டார். மகனைப் பலியிடச் சொன்னது கடவுள்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது, கொலை செய்யாதே என்ற கட்டளைக்கே அது எதிரானதாயிற்றே? நேரடிக் குரலால் தெரிந்தது என்றார் துணை ஆளுநர் டட்லி. எனக்கும் அப்படித்தான், நேரடியான வெளிப்பாட்டினால் என்றார் ஆன்.

ஆறாம் கட்டளைக்கும் ஆபிரகாமின் கத்திக்கும் இடையில் அந்தக் கூடம் ஒரு கணம் நின்றது. கட்டளையைத் தந்தவரே கட்டளைக்கு மேலே நின்று பேச முடியுமா? பேசினால் அதை நம்புவதற்கு மனிதனிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? கிருபையும் கட்டளையும் பற்றிய இந்தத் தொடர் முழுவதும் நாம் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி, அன்று ஒரு தாயின் வாயிலிருந்து வந்தது.

அவர் அதோடு விடவில்லை. சிங்கக் கெபியிலிருந்து தானியேலை விடுவித்த கடவுள் தன்னையும் விடுவிப்பார், தன்னைத் துன்புறுத்தினால் உங்கள் மேலும் உங்கள் சந்ததியின் மேலும் அழிவு வரும் என்றார். நீதிபதிகளுக்கு இது போதும். சான்று தேடி அலைந்தவர்களுக்கு அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நாடு கடத்தத் தீர்ப்பானது. எதிர்த்து வாக்களித்தவர்கள் காடிங்டன், கோல்பர்ன் என்ற இருவர் மட்டுமே. ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். என்னை எதற்காக நாடு கடத்துகிறீர்கள் என்று ஆன் கடைசியாகக் கேட்டபோது, காரணம் மன்றத்துக்குத் தெரியும் என்பதோடு வின்த்ராப் முடித்துக்கொண்டார்.

அந்த மாதமே அவரை ஆதரித்த 75 ஆண்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இந்த விசாரணையின் எழுத்துப் பதிவு நமக்குக் கிடைப்பதற்கு ஆனின் எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சனே காரணம். 1767-இல் தன் வரலாற்று நூலின் பின்னிணைப்பாக அவர் அதை அச்சிட்டார்.

நீட்டிய கை

குளிர்காலம் முழுவதும் ஆன், ராக்ஸ்பரியில் வேறொருவர் வீட்டில் காவலில் இருந்தார். போதகர்கள் வந்து வந்து கேள்வி கேட்டார்கள். 1638 மார்ச்சில் பாஸ்டன் சபை அவரை விசாரித்தது. முன்பு யாருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கடல் கடந்து வந்தாரோ, அந்தக் காட்டனே இப்போது அவரைக் கண்டித்தார். மார்ச் 22 அன்று ஆன் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு எழுதியதை வாசித்தார். ஆனால், காவலில் இருந்த நாட்களுக்கு முன் இந்தத் தவறான கருத்துகள் தன்னிடம் இல்லை என்று அவர் சொன்னதைப் பொய் என்றார்கள். மனந்திரும்புதலுக்கும் சான்று கேட்டார்கள், கொடுத்த சான்றை ஏற்கவில்லை. வில்சன் அவரைச் சபையிலிருந்து விலக்கிச் சாத்தானிடம் ஒப்புக்கொடுப்பதாக அறிவித்தார்.

ஆன் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் மேரி டயர். இருவரும் கைகோத்து வெளியேறினார்கள்.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. முந்தைய அக்டோபரில் மேரிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது, உடற்குறைபாட்டோடு. பேறு பார்த்தவர்களில் ஆனும் ஒருவர். தாயின் துயரத்தை ஊர்வாய்க்கு இரையாக்கக் கூடாதென்று, காட்டனின் யோசனையோடு குழந்தையை ரகசியமாக அடக்கம் செய்தார்கள். ஆன் விலக்கப்பட்ட நாட்களில் இந்தச் செய்தி கசிந்தது. வின்த்ராப் குழியைத் தோண்டச் சொல்லி, அந்தப் பிஞ்சு உடலை எடுத்துப் பார்க்கவைத்து, கண்டதை எழுதி ஊரெல்லாம் அனுப்பினார். தவறான உபதேசத்துக்குக் கடவுளின் தண்டனை இது என்றார். அதே ஆண்டு ஆனுக்கும் கர்ப்பம் சிதைந்தது. முத்துப்பிள்ளை எனப்படும் கோளாறு அது என்று இன்றைய மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதையும் கடவுளின் தீர்ப்பென்றே எழுதினார்கள்.

1643-இல் டச்சுக் குடியேற்றத்தில், இன்றைய நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், நாடு கடத்தப்பட்ட ஆன் வாழ்ந்துகொண்டிருந்தார். டச்சு ஆளுநர் கீஃப்ட் பழங்குடியினர்மேல் நடத்திய படுகொலைக்குப் பதிலடி பரவிய காலம். சிவனாய் மக்கள் தாக்கியதில் ஆனும் அவரோடு இருந்த குடும்பத்தினரும் கொல்லப்பட்டார்கள். மகள் சூசன்னா மட்டும் சிறைபிடிக்கப்பட்டுப் பிழைத்தாள். இதற்கும் மாசசூசெட்ஸில் கடவுளின் கை என்றே விளக்கம் எழுதினார்கள்.

இங்கேதான் என் மனம் நிற்கிறது. 1630 ஜூலையில், குடியேற்றத்தின் முதல் கோடையில், வின்த்ராப்பின் மகன் ஹென்றி வந்து இறங்கிய கையோடு நீரில் மூழ்கி இறந்தான். அதற்கும் முன்பே இரண்டு மனைவியரை அடுத்தடுத்துப் புதைத்தவர் வின்த்ராப். அவற்றை யாரும் அவருடைய உபதேசத்துக்கு எதிரான சான்றாக எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. அவருக்குக் கிடைத்த அந்த இரக்கம் ஆனுக்கும் மேரிக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் துயரம்.

கட்டளை வேண்டுமா, கிருபை வேண்டுமா என்பது அந்தக் கூடத்தில் உண்மையான வழக்கே அல்ல என்று நினைக்கிறேன். அண்டை வீட்டான் திருடாமல் இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்கலாம். அது கட்டளை, அதற்குச் சாட்சிகளும் உண்டு, பிரமாணமும் உண்டு. அவன் உள்ளத்தில் கடவுள் இருக்கிறாரா என்று நிரூபிக்கச் சொல்லும் உரிமை எந்தச் சமூகத்துக்கும் இல்லை. கேட்கத் தொடங்கினால் முதலில் நடத்தையைத் தோண்டும், பிறகு நினைவுகளைத் தோண்டும், கடைசியில் குழந்தையின் குழியையும் தோண்டும். கிருபை என்றால் கேளாமல் கொடுக்கப்படுவது. அதற்கு ரசீது கேட்டவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். கேட்ட அளவுக்கு இரு தரப்பும் அதைத் தொலைத்தார்கள்.

இதையெல்லாம் மீறி அந்தக் கூடத்தில் கிருபை ஒரு முறை வந்து போனது என்று நான் நம்புகிறேன். இறந்த குழந்தையை ஈன்ற வேதனையில் தன்னைத் தாங்கியவருக்கு, அவமானத்தின் நடுவே ஒரு பெண் கை நீட்டினாளே, அப்போது. எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் பிறனை நேசி என்ற பெரிய கட்டளை அந்த ஒரு செயலில் முழுமையாக நிறைவேறியது. கிருபையும் கீழ்ப்படிதலும் வேறு வேறாகப் பிரிக்க முடியாதபடி அந்தக் கைப்பிடிக்குள் இருந்தன.

அந்த மேரி டயர் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து இதே பாஸ்டனுக்குத் திரும்பி வருகிறார். வந்தால் தூக்கு என்று சட்டம் இருப்பது தெரிந்தே வருகிறார். ஏன் வந்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)